முப்பத்தொரு டெசிபல்

மே 2, வெள்ளி

கூரியர்க்காரர் மூன்று முறை அழைப்பு மணி அடித்தாராம். நான் கூடத்தில் மணிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவே இல்லை. அடிக்காமல் கேட்டருகே நின்று போன் செய்து, "ஏனுங் சார், வீட்ல இருந்துட்டே தொறக்க மாட்டீங்களா?" என்கிறார். பொய் சொல்வதற்குக்கூட இப்போது யாரும் மெனக்கெடுவதில்லை.

போகட்டும், கூலர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் பிராசசர் கொதிக்காமல் இருக்க அதன் தலைமேல் உட்காரும் சமாச்சாரம். செம்புக் குழாய், அலுமினியத் தகடு, மேலே ஒரு விசிறி. வழக்கமாக ஒரு செங்கல் உயரம் இருக்கும். இது மூன்று விரற்கடை உயரம்தான். விசிறி ஒரு கிரீம் பிஸ்கட் தடிமன். 'ஒல்லியான்' என்று பெயர் வைத்துவிட்டேன். அட்டைப்பெட்டியில் 'மிக அமைதியானது' என்று போட்டிருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் போடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் உதிரிகளைச் சோதித்து இணையத்தில் மதிப்பீடு எழுதுகிறவன் நான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நோட்டு போடுவது என் வழக்கம். இந்த முறை சோதனை வீட்டிலேயே என்பதால் வீட்டுச் சங்கதியும் கலந்துதான் வரும். ஒல்லியான் என் மகள் பிருந்தாவுக்காக வந்தவன். அவள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறாள். படிக்கப் பொறுமையில்லாதவர்கள் காதால் கேட்கும் புத்தகம். இப்போது எண்ணூறு பக்க நாவல் ஒன்று கைக்கு வரப் பார்க்கிறது. மாதிரிக்கு முதல் அத்தியாயம் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு வேலை, அவள் பெயரும் நாலு பேருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தது இப்படி ஒன்றுக்காகத்தான்.

ஆனால் அறை சின்னது. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியும் சப்பையானது, பெரிய கூலர் நுழையாது. பழைய விசிறி மாவு மில் மாதிரி இரைகிறதாம். இருபத்திரண்டு வருடமாகக் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். 'மயிலானந்தம் அளக்காமல் எழுத மாட்டார்' என்று இணையத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன். என் மகள் அறையிலேயே விசிறி இரைந்தால் எனக்கு என்ன மரியாதை?

மே 3, சனி

மாட்டியாகிவிட்டது. நாலு திருகுக்கு ஒரு மணி நேரம். இதை வடிவமைத்தவனுக்கு எலி மாதிரி விரல்கள் இருந்திருக்க வேண்டும்.

அறையில் முப்பத்தைந்து டிகிரி. பிராசசருக்கு முழு வேலை கொடுத்தும் எண்பத்திரண்டைத் தாண்டவில்லை. ஒல்லியானுக்கு நல்ல மூச்சு.

மேசைக்கடியில் இருந்தபோது பிருந்தா ஏதோ கேட்டாளாம், நான் பதில் சொல்லவில்லையாம். முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தால் யார் பதில் சொல்வது? இந்த வீட்டில் எல்லோருமே வாய்க்குள் பேசப் பழகிவிட்டார்கள். இதில் என்னைப் பார்த்து "கொஞ்சம் சத்தமாப் பேசுங்கப்பா" என்று வேறு சொல்கிறாள்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் இன்று ஆரம்பம். சத்தம் அளக்கும் நாளும் இன்றுதான்.

என் முறை கறாரானது. வீட்டில் ஒரு மின்விசிறி ஓடக்கூடாது. ஜன்னல் எல்லாம் சாத்தியாக வேண்டும். பிரிட்ஜ் நிற்க வேண்டும். யாரும் நடக்கக்கூடாது, இருமக்கூடாது. என் மனைவி கலாமணியும் பிருந்தாவும் சோபாவில் வியர்த்து ஒழுக உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அளவுமானியை ஒரு கை தூரத்தில் வைத்தேன். கம்ப்யூட்டர் ஓடாதபோது முப்பது டெசிபல். ஓடும்போது முப்பத்தொன்று. ஒரே ஒரு புள்ளி! இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய்க் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

"ஏனுங்க, கொசு கத்தற மாதிரி ஒண்ணு கேக்குதுங்களே" என்றாள் கலாமணி.

கொசுதான். ஜன்னலைச் சாத்தும்போது உள்ளே வந்திருக்கும். மட்டையை எடுத்துக்கொண்டு அறை முழுக்க வீசினேன். ஒன்றும் அகப்படவில்லை. "இன்னும் கேக்குதுங்க" என்றாள். பெண்களுக்குப் பிடிவாதம் அதிகம்.

மே 5, திங்கள்

பிரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டேன். பால் திரிந்துவிட்டது, தோசை மாவு பொங்கிக் காய்கறித் தட்டு வரை வழிந்திருக்கிறது. காலையில் காபியும் இல்லை, தோசையும் இல்லை.

மே 7, புதன்

மதிப்பீட்டை வெளியிட்டுவிட்டேன். 'இருப்பதே தெரியாது. பக்கத்தில் காதை வைத்தாலும் கேட்காது' என்று எழுதினேன். மதியத்துக்குள் நாற்பது பேர் பாராட்டு.

மாலையில் பிருந்தா வந்து நின்றாள்.

"அப்பா, சன்னமா ஒரு சத்தம் வருதுங்கப்பா. ஹெட்போன் போட்டா நல்லாத் தெரியுது."

"மீட்டரைப் பாத்தியா கண்ணு?"

"மீட்டர்ல இல்லீங்கப்பா. ஆனா கேக்குது."

"கேக்குதுன்னா மீட்டர்ல வரணும். மீட்டர்ல வரலைன்னா கேக்காது. இதுல என்ன குழப்பம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். 'என்ன?' என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அந்தக் கேள்வியைக் கேட்பது.

மே 9, வெள்ளி

மாதிரி அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. சென்னையில் ஜெரால்டு என்று ஒருவர் ஒலியைச் சரிபார்க்கிறார். 'குரல் நன்றாக இருக்கிறது. பின்னணியில் இழையாக ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கிறது. நீக்கி அனுப்பவும்' என்று எழுதியிருக்கிறார்.

மைக்கில்தான் கோளாறு. முதல் நாளே சொன்னேன்.

மே 10, சனி

மைக் வயரை மாற்றினேன். வேறு மைக் கொண்டுவந்து மாட்டினேன். சுவர் எதிரொலிக்கிறதோ என்று நாலு பக்கமும் போர்வை கட்டித் தொங்கவிட்டேன். அதற்குள் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து பிருந்தா அத்தியாயம் முழுவதையும் மறுபடி வாசித்தாள். வெளியே வந்தபோது துணி பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. "அந்தக் கூலர ஒரே ஒரு தடவை கழட்டிட்டுப் பாக்கலாங்களாப்பா?" என்று கேட்டாள்.

பிரச்சினை அங்கே இல்லாதபோது ஏன் கழற்ற வேண்டும்? சோதித்து முடித்ததை மறுபடி சோதிப்பது வீண் வேலை.

மதியம் முறுக்கு தின்றேன். தலைக்குள் ஜல்லி அரைக்கிற சத்தம். டிவியில் ஒரு வார்த்தை புரியவில்லை. மாவில் ஏதோ கலக்கிறார்கள்.

மே 12, திங்கள்

மறுபடி திரும்பி வந்துவிட்டது. அதே ஒலியாம். வரும் இருபத்தாறாம் தேதிக்குள் சரியான பதிவு வராவிட்டால் வேறு குரல் பார்ப்பார்களாம்.

கலாமணி என்னைப் பார்த்த பார்வையில் ரசம் கொதித்திருக்கும்.

மே 13, செவ்வாய்

பொறுமைக்கும் எல்லை உண்டு. என் மகளின் மெயிலில் அந்த ஜெரால்டின் முகவரி இருந்தது. கடையிலிருந்து நானே அவருக்கு எழுதினேன். யார் நான், எத்தனை வருட அனுபவம், எப்படி அளந்தேன், முப்பது, முப்பத்தொன்று, எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அனுப்பினேன். கடைசியில், 'தாங்கள் ஒருமுறை தங்கள் காதுகளைப் பரிசோதித்துக்கொள்வது நலம்' என்று முடித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மே 14, புதன்

காலை பத்து மணிக்கே ஜெரால்டு பிருந்தாவை அழைத்துவிட்டார். தகப்பனார் சண்டைக்கு வருகிற இடத்தில் ஆறு மாதம் வேலை செய்ய முடியாது என்றாராம். நாவலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வரைகூடக் காத்திருக்கவில்லை.

பிருந்தா என் முன்னால் வந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். நேராகப் பார்த்துப் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "எனக்காக நீங்க ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தீங்கன்னா எனக்கு வேலை இருந்திருக்குங்கப்பா."

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் அழுததாகக் கலாமணி சொன்னாள். நான் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

கடைக்குப் போனேன். வந்தேன்.

மே 17, சனி

"இதை எங்கியாச்சும் எடுத்துட்டுப் போயிருங்க" என்று பிருந்தா கம்ப்யூட்டரை அறை வாசலில் வைத்துவிட்டாள். கடைக்குக் கொண்டுபோய் மேசைமேல் ஓடவிட்டேன். மூடியைக் கழற்றி ஒல்லியானையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுகிறான், சத்தமே இல்லை. இவனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று என்றால் யார் நம்புவார்கள்?

பக்கத்துக் கடை ஆறுக்குட்டி அண்ணன் வந்தார். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வாசற்படியில் கால் வைத்ததுமே, "ஏப்பா மயிலு, எந்தப் பேரிங்கப்பா இது, இப்படி அழுகுது?" என்றார்.

"எதுங்ணா?"

"வாசப்படி வரைக்கும் கேக்குதே. விசில் மாதிரி."

கடுப்பாகிவிட்டது. அளவுமானியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்துக் கையில் கொடுத்தார். மோட்டாரில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று அந்தக் கடைகளில் பார்ப்பது இப்படித்தான்.

"முனைய விசிறி மேலாப்புல வெய்யி. சுத்தற எடத்துல இல்ல, ஓரத்துல. கைப்பிடியக் காதுக்குப் பொறத்தால எலும்புல ஒட்டி அமுத்து."

அவர் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் வைத்தேன்.

கேட்டது. மண்டைக்குள் யாரோ சன்னமாக, விடாமல் ஊதினார்கள். கலாமணியின் கொசு. பிருந்தாவின் சன்னமான சத்தம். ஜெரால்டின் இழை. மூன்றும் ஒன்றே.

இரும்பு ஒலியைக் கடத்தும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். திருப்புளி வழியாகக் கேட்பதால் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இப்ப அத எடுத்துட்டுக் கேக்குதான்னு சொல்லு."

வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று சொல்லி எழுந்து கல்லாப் பக்கம் போய்விட்டேன். யாரும் வரவில்லை.

மே 18, ஞாயிறு

திருப்புளியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில், தண்ணீர்க் குழாயில், மிக்ஸியில். எல்லாம் பேசுகின்றன. எடுத்துவிட்டால் வாயை மூடிக்கொள்கின்றன.

"என்னங்க, கடியாரத்துக்கு ஊசி போடறீங்களா?" கலாமணி பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது.

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்குங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லாம என்னங்க. சொன்னப்பெல்லாம் எரிஞ்சு விழுந்தீங்க. 'நீ வாய்க்குள்ள பேசறே'ன்னீங்க. அப்பறம் நானே சத்தமாப் பேசிப் பழகிட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

காது டாக்டர். ஓர் இரும்பு இசைக்கவையைத் தட்டி முதலில் காதுக்கு எதிரே பிடித்தார். இல்லை. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். இருக்கிறது. ஆறுக்குட்டி அண்ணனின் வைத்தியம்தான், வெள்ளைக் கோட்டு போட்டுச் செய்கிறார்.

காதுக்குள் அரிசி அளவு ஓர் எலும்பு இறுகிவிட்டதாம். காற்று வழியாக வரும் சத்தம் அங்கேயே நின்றுவிடுகிறது. எலும்பு வழியாக வந்தால் தடையில்லை. முறுக்கு தலைக்குள் ஜல்லி அரைத்தது அதனால்தான். என் குரல் எனக்குப் பெரிதாகக் கேட்பதால் நான் மெல்லப் பேசுகிறேனாம். நரம்பு நன்றாக இருக்கிறது, காது மிஷின் போதும், வேண்டுமானால் பிறகு ஆபரேஷன் என்றார். தெளிவாகப் பேசினார். இந்த ஊரிலேயே தெளிவாகப் பேசுகிறவர் இவர் ஒருவர்தான் என்று படியிறங்கும்போது கலாமணியிடம் சொன்னேன்.

"அவரு உங்க காதுகிட்ட வந்து கத்திட்டிருந்தாருங்க" என்றாள்.

மே 21, புதன்

பிருந்தாவிடம் சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

மே 22, வியாழன்

இந்த நோட்டில் எண்களை மட்டும் எழுதியிருந்தால் இத்தனை வெட்கம் இருந்திருக்காது. மே 4ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். 'பெண்களுக்குப் பிடிவாதம் அதிகம்' என்று எழுதியிருக்கிறேன். மடையன்.

கடையைத் திறப்பதற்கு முன் மதிப்பீட்டை இணையத்திலிருந்து எடுத்தேன். அந்த இடத்தில், 'இது தவறு. விவரம் பிறகு' என்று போட்டேன். பிறகு ஜெரால்டுக்கு எழுதினேன். 'தாங்கள் கேட்டது உண்மை. காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவன் நான்தான், பரிசோதித்துக்கொண்டேன். எனக்குக் கேட்காது. என் மகளுக்கு முதல் நாளே கேட்டது, நான்தான் அவள் வாயை அடைத்தேன். என் தவறுக்கு அவளைத் தண்டிக்க வேண்டாம்.' ஐந்து வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இதில் அட்டவணை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிருந்தாவிடம் போனை நீட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"அப்ப கோயமுத்தூர் முழுக்க வாய்க்குள்ள பேசலீங்களாப்பா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாவல் போனது போனதுதான் என்பது அவள் முகத்தில் இருந்தது. மன்னித்துவிடு என்று சொன்னேன். வாழ்க்கையில் அவளிடம் அதைச் சொல்வது முதல் முறை. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மே 24, சனி

பிருந்தாவே மதியம் கடைக்கு வந்தாள். "கூலரத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எந்த எடத்துல கத்துதுன்னு பாக்கலாங்கப்பா" என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அளந்து எழுதுகிறவன் நான்தானாம்.

கதவைச் சாத்தினோம். விசிறியின் வேகத்தைத் திரையில் ஏற்றி இறக்குவது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவள் வேலை. சுற்று இரண்டாயிரம். அவள் கையைத் தூக்கினாள், கத்துகிறான். ஆயிரத்தெண்ணூறு. கை மேலேயே இருந்தது. ஆயிரத்து அறுநூறு. கை கொஞ்சம் இறங்கியது. ஆயிரத்து முன்னூறில் கை மடிக்கு வந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், கை எழுந்தது. ஐந்து முறை மாற்றி மாற்றிப் போட்டேன். திரையை அவளுக்குக் காட்டாமலும் போட்டேன். ஒரு முறைகூட அவள் தவறவில்லை. அளவுமானி இத்தனை நேரமும் இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அறை மொத்தத்துக்கும் ஒரு எண் சொல்லத்தான் அதற்குத் தெரியும். அதில் ஒரு விசில் இருந்தால் அதற்கென்ன.

ஆயிரத்து முன்னூறிலேயே பூட்டினேன். வெப்பம் எண்பத்தேழு வரை ஏறியது. வாசித்துப் பதிவு செய்யும் வேலைக்கு அவ்வளவு சூடுகூட வராது, தாராளம். ஒல்லியான் கெட்டவன் இல்லை. விரட்டினால்தான் கத்துகிறான்.

ஜூன் 3, செவ்வாய்

ஜெரால்டு பதில் போட்டிருக்கிறார். நாவல் திரும்பி வராது, அது வேறு குரலில் ஆரம்பித்தாகிவிட்டது. குழந்தைகள் கதை ஒன்று, அறுபது பக்கம், அதற்கு மாதிரி கேட்டிருந்தார். பிருந்தா அனுப்பியதைக் கேட்டுவிட்டு, 'பின்னணி சுத்தம்' என்று இரண்டே சொல் எழுதியிருக்கிறார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை போலிருக்கிறது.

எண்ணூறு பக்கத்துக்குப் பதில் அறுபது. கணக்குப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பிருந்தா பார்க்கவில்லை, வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மதிப்பீட்டைப் புதிதாக எழுதினேன். ஒல்லியான் எதில் நல்லவன், எந்த வேகத்தில் கத்துவான், எங்கே பூட்ட வேண்டும் எல்லாம் போட்டேன். சத்தம் பற்றிய பகுதியின் கீழே, 'கேட்டவர்: பிருந்தா. எழுதியவருக்குக் காது கேட்காது' என்று போட்டேன். பாராட்டு ஏழு. திட்டு முப்பது. திட்டியவர்களில் பாதிப் பேர் முன்பு பாராட்டியவர்கள்.

ஜூன் 11, புதன்

காது மிஷின் வந்து மூன்று நாள். இந்த உலகம் இத்தனை இரைச்சல் என்று யாரும் சொல்லவில்லை. கலாமணி பாத்திரம் கழுவுவது கலவரம் மாதிரி இருக்கிறது. என் செருப்பே என்னைத் துரத்துகிறது.

மதியம் பிருந்தா குழந்தைகள் கதையில் முதல் பகுதியை முடித்துவிட்டு ஹெட்போனைக் கொண்டுவந்து தந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நரியும் ஆமையும் பேசிக்கொண்டன. பன்னிரண்டு நிமிடம். கழற்றிவிட்டு, "நரி பேசற எடத்துல அவசரப்படறே. நாலாவது நிமிசத்துல மூச்சு வாங்கறது கேக்குது. அதைத் திருப்பிப் படிச்சிரு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கண்ணு?"

"நீங்க இது வரைக்கும் ஒரு குத்தமும் சொன்னதில்லீங்கப்பா. எதைக் குடுத்தாலும் 'அருமை கண்ணு'ம்பீங்க."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் இன்னொரு பொய்யை வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. போனைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன், முடிந்ததும் அருமை என்பேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன்.

"ஒண்ணுகூடக் கேக்கலீங்களா?"

"இல்ல சாமி."

"நாப்பத்தொரு புஸ்தகமும்?"

"நாப்பத்தொண்ணும்."

விருட்டென்று உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், இப்போது கேட்குமே. சாத்தவில்லை. தன் போனோடு திரும்பி வந்து ஹெட்போனை என் தலையில் தானே மாட்டினாள். "மொதல்ல பண்ணுன புஸ்தகம். ஆறு மணி நேரம். முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள். கடை இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பிருந்தா வாசிக்க ஆரம்பித்தாள். வரி முடியும் முன்பே அடுத்த வரிக்குத் தாவினாள், எச்சில் விழுங்கினாள், ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் குரல் உள்ளே போயிற்று. வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அந்த வாரத்தில் என் பெண் எவ்வளவு பயந்திருந்தாள் என்று இன்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது.